எறும்பு கடித்த இடம்

கட்டைவிரல் நகத்துக்குள் இருந்த கிரீஸ் மட்டும் போகமாட்டேன் என்றது. மகள் சோப்பு போட்டுப் பார்த்தாள், சமையல் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், கடைசியில் ஒரு பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் கை அவள் மடியில் கனமாகக் கிடந்தது. உயிரோடு இருந்தவரை அந்தக் கை யார் மடியிலும் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

"விடு, போதும்," என்றாள் தலைமாட்டு நாற்காலியில் இருந்த அம்மா. "சக்களத்தி பூசின மை. அவ்வளவு சுலபத்துல போயிடுமா?"

அம்மா காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் அப்பா அதை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாராம், அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். அப்பா அதைக் கேட்டுச் சிரிப்பார், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். மகளுக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை. சக்களத்தி என்று திட்டிக்கொள்ள அம்மாவுக்கு ஒரு சொல்லாவது இருந்தது. பெற்ற மகளுக்கு அப்படி ஒரு சொல்லும் கிடையாது.

விரலைத் திருப்பிப் பிடித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. கட்டைவிரலின் சதைப் பக்கத்தில், நட்டநடுவில், ஒரு சின்ன வட்டம். ஓரம் அழுந்தி, உள்ளே ரத்தம் கட்டிக் கருநீலமாக இருந்தது. காலர் பொத்தான் அளவுதான். அந்த வட்டத்தை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட உட்காரும்போது அது அதே இடத்தில் சிவப்பாக இருக்கும். என்னப்பா இது என்று கேட்டால், "எறும்பு கடிச்சுதும்மா" என்பார். இவ்வளவு அழகாக வட்டம் போட்டுக் கடிக்கிற எறும்பு எது என்று அவள் கட்டிலுக்கடியில் எல்லாம் தேடியிருக்கிறாள். பிறகு அது பொய் என்று தெரிகிற வயது வந்தது. உண்மையைக் கேட்கிற பழக்கம் அதற்குள் விட்டுப்போயிருந்தது.

அவள் கணவன் டார்ச் எடுக்க உள்ளே வந்தான். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தான். கையில் விரல் தடிமனுக்கு ஒரு ரப்பர் குழாய்.

"ஏங்க, இது என்ன, வட்டமா?"

அவன் எட்டிப் பார்த்தான். "அதுவா? வேலைல பட்டிருக்கும்," என்று சொல்லிவிட்டு, அலமாரியின் இரண்டாம் தட்டில் கையை விட்டு நேராக டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதுவா. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது அவளுக்கு. செத்துக் கிடக்கிற அப்பாவின் விரலில் ஒரு அடையாளம், அதைப் படிக்கத் தெரிந்தவன் மாப்பிள்ளை, பெற்றவளுக்கு அது எறும்புக்கடி. வயிறு எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனால் வெட்கப்பட்டால் எரிச்சல் குறைந்துவிடும் என்று யார் சொன்னது?

அவளுக்குப் பத்து வயதில் இதே டார்ச்சை ஒருமுறை பிடித்திருக்கிறாள். அப்பா போனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, இங்கே காட்டு, இங்கே காட்டு என்றார். எந்த இங்கே என்று தெரியாமல் அவர் முகத்திலேயே அடித்துவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டார்ச்சை மெதுவாக வாங்கிக்கொண்டு, நீ போய் அம்மாகிட்ட இரு, கை அழுக்காயிடும் என்றார். அவ்வளவுதான், அப்புறம் கூப்பிடவே இல்லை. கல்யாணமாகி முதல் தடவை இங்கே வந்த ஞாயிற்றுக்கிழமை, புது மாப்பிள்ளை வராந்தாவில் செருப்பைக் கழற்றுவதற்குள், "மாப்பிள்ள, இத கொஞ்சம் பிடிங்க" என்று அதே டார்ச்சை அவன் கையில் கொடுத்தார். அவன் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்ப்பவன். நிதானமான கை. உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அவன் பல்லுக்காரர், அப்பாவுக்கு மட்டும் மாப்பிள்ளை. ஆறு நாளும் பல், ஏழாம் நாள் கார் என்று அவன் வாழ்க்கை அமைந்துவிட்டது. அவளும் ஞாயிறு தவறாமல் கூட வருவாள், வந்து சமையலறையில் அம்மாவோடு நிற்பாள். அப்பாவைப் பார்க்க வருகிறாள் என்றுதான் பெயர்.

நேற்றும் அப்படித்தான். சமையலறை ஜன்னல் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தைப் பார்த்தது. சந்தில் தகரக் கூரைக்குக் கீழே, மூக்கு ஜன்னலுக்கு நேராகவும் வால் வாசல் கேட்டுக்கு நேராகவும் கார் நிற்கும். போனட்டைத் தூக்கிவிட்டால் ஜன்னலில் இருந்து அப்பாவின் முதுகும் ஒரு தோளும் மட்டும் தெரியும். காருக்குள் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு அதுவும் தெரியாது, தூக்கிய போனட் மறைத்துவிடும். நேற்று அப்பா ஜன்னல் பக்கம் கையை மட்டும் நீட்டி, பழைய துணி இருந்தா குடு என்றார். அவள் கொடுத்தாள். அவர் வாங்கினார், திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவனுக்குக் கிடைத்ததோ வேறு. காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் குடுங்க மாப்பிள்ளன்னார். ஆக்சிலேட்டர லேசா அமுக்கினேன். நல்லா ஓடிட்டிருந்துச்சு. திடீர்னு ஏறுச்சு, எறங்குச்சு, மாமா எதையோ சோதிச்சுப் பார்க்கறார்னு நெனச்சேன். அப்புறம் நின்னுடுச்சு. கூப்பிட்டேன், பதில் இல்ல. எறங்கிப் போய்ப் பார்த்தா மட்கார்டு மேல சாஞ்சிருக்கார்."

அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் அவன் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். வந்தவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள், மகன்கூட இப்படி இருக்கமாட்டான் என்றார்கள். அவளைப் பார்த்து, அம்மாவப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

காலிப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கிக் கொண்டுவந்து வராந்தாவில் வைத்திருந்தார்கள். சவ வண்டி மத்தியானத்துக்குள் வந்துவிடும். பெட்டியை வெளியே கொண்டுபோக அந்தச் சந்து ஒன்றுதான் வழி, சந்தை அடைத்துக்கொண்டு கார் நின்றது. ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம், அப்பாவோடு பெட்டி நுழையாது. சித்தப்பா எல்லா ஏற்பாட்டையும் தலையில் போட்டுக்கொண்டு நடப்பவர். அவர் சந்துக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். வாசல் பக்கம் சரிவுதான், நாலு பேர் கைவைத்தால் வண்டி தானாகத் தெருவுக்குப் போய்விடும் என்றார்.

"வேண்டாங்க," என்றான் அவன். "மாமா இத ஒரு நாளும் தள்ள விட்டதில்ல. அவர் போற அன்னிக்கு மட்டும் தள்ளணுமா? அது தானா ஓடி அவருக்கு வழி விடட்டும். எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க."

சித்தப்பாவுக்கே கண் கலங்கிவிட்டது. நேரம் கொடுத்தார்.

அவனுக்கு அது வேண்டியிருந்தது என்பது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. மாமனாருக்கு அவன் செய்யக்கூடிய கடைசிக் காரியம் அது ஒன்றுதான். அவளுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கார் ஓடக்கூடாது.

ஓடாமல் இருப்பதற்கு அதற்குக் காரணமும் இருந்தது. வண்டியின் உடம்பு ஒரு காருடையது. இஞ்சின் ஏதோ ஒரு பழைய வேனில் இருந்து இறக்கியது. கார்பரேட்டர் மூன்றாவது ஒரு வண்டியுடையது, பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. மூன்றும் தங்கள் தங்கள் ரப்பர் குழாய்களோடு வந்து சேர்ந்தன. இஞ்சின் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கும், அந்த இழுப்பைத்தான் வேக்கம் என்பார்கள். அதைக் கொண்டுபோய் பிரேக்குக்கு ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒன்று, சோக்குக்கு ஒன்று என்று சேர்ப்பதற்குத்தான் இந்தக் குழாய்கள். மூன்று வீட்டுச் சாமானை ஒரே அறையில் கொட்டினால் எப்படியோ அப்படி இருந்தது போனட்டுக்குள். ஒன்றிரண்டு குழாய்கள் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து முடிந்தன. வேண்டாத வாய்களை அப்பா ஸ்க்ரூவாலும் பேனா மூடியாலும் அடைத்து வைத்திருந்தார். எங்காவது ஒரு வாய் திறந்திருந்தால் போதும், வெளிக்காற்று புகுந்துவிடும். இஞ்சின் சீறும், தடுமாறும், நின்றுவிடும். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் வீடு திரும்பும்போது பஸ்ஸில் அவன் வேறு எதையும் பேசமாட்டான்.

நேற்று அப்பா எல்லாக் குழாய்களையும் உருவி, வாய்களைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்ப்பது என்று இறங்கியிருக்கிறார். பாதியில் போய்விட்டார். மீதியை அவன் மாட்டினான்.

அவள் வந்தவர்களுக்கு டீ போடும் சாக்கில் சமையலறைக்குள் வந்து ஜன்னலோரம் நின்றாள். அவன் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, டார்ச் அடித்து ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்து, உள்ளே ஏறிச் சாவியைத் திருகினான். இஞ்சின் பிடித்தது. உடனே எங்கிருந்தோ உஸ்ஸென்று ஒரு சீறல். வேகம் ஏறியது, இறங்கியது, இரண்டு உதறு உதறி நின்றுவிட்டது. அவளுக்குள் ஏதோ ஒன்று ஜில்லென்று இறங்கியது. நல்லா வேணும் என்று மனசு சொன்னது, அவள் அதை அதட்டவில்லை.

அவன் இறங்கி வந்து ஒரு குழாயை மாற்றினான். மறுபடி சீறல், மறுபடி நின்றது. சின்னதாக ஒரு கவ்வியை எடுத்துப் பிரேக்குக்குப் போகும் குழாயை இறுக்கினான். அப்போதும் அதேதான். அவன் நெற்றியில் கிரீஸ் ஆகிவிட்டது. சித்தப்பா கேட்டுக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் டீயை வடிகட்டி டம்ளர்களில் ஊற்றினாள். காலையிலிருந்து அவளுக்குக் கொஞ்சமாவது ஆறுதல் தந்தது அந்த வண்டியின் பிடிவாதம்தான்.

அடுத்த முறை அவன் ஆக்சிலேட்டரை விடாமல் அமுக்கி வைத்துக்கொண்டான். வண்டி நிற்காமல் முக்கியது, சீறலும் நிற்காமல் வந்தது. டம்ளர் தட்டைத் தூக்கிய அவள் அதை அப்படியே மேடையில் வைத்துவிட்டாள்.

அந்தச் சத்தத்தை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இதே ஜன்னலில், இதே அடுப்புப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்டது. உஸ் என்று வரும், பட்டென்று அடங்கும், இஞ்சின் பசு மாதிரி சாதுவாக ஓடும். மறுபடி உஸ், மறுபடி அடங்கும். அப்பா யாரையோ பேசாதே பேசாதே என்று அடக்குகிறார் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறாள். இன்றைக்கு முன்னால் உஸ் என்று வந்து அடங்காமல் போனது ஒரே ஒருமுறைதான். நேற்று, அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. இன்னும் அடக்கலையே என்றுகூட மனதில் ஓடியது. பிறகு இஞ்சின் நின்றது, பிறகு அவள் கணவன் மாமா மாமா என்று கத்தினான்.

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு சந்துக்குப் போனாள். தூக்கிய போனட்டுக்குப் பின்னால் அவன் உள்ளே உட்கார்ந்திருந்தான், அவள் வந்தது அவனுக்குத் தெரியாது. அப்பா நிற்கிற இடத்தில், மட்கார்டில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, அவள் குனிந்தாள். பெட்ரோல் வாசனை, சூடு. முன்பக்கம் எல்லாக் குழாயும் ஒழுங்காக மாட்டியிருந்தது, அதைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தது. நாள் முழுக்க தண்ணீர்ப் புகாருக்கு ஃபோன் எடுக்கிற வேலை அவளுக்கு. முகம் தெரியாதவர்கள் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று காதை வைத்தே கண்டுபிடித்துப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் பின்னால் இருந்து வந்தது, கார்பரேட்டருக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டாத மூலையில். கையை வளைத்து உள்ளே விட்டாள். சூடான இரும்பு மணிக்கட்டில் பட்டது. விரல் தடவிக்கொண்டே போனது. திடீரென்று ஏதோ ஒன்று அவள் கட்டைவிரலைக் கவ்வி இழுத்தது.

சீறல் அடங்கிவிட்டது.

இஞ்சின் இரண்டு தரம் தடுமாறி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும், அப்படியும் நிற்கவில்லை. ஒரு சின்னக் குழாய்முனை, மூடியில்லாத வெறும் வாய், அவள் சதையை வட்டமாகப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. விடுகிற மாதிரி இல்லை. குழந்தை பால் குடிக்கிற பலம் இருந்தது அதில்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. இந்த வாய்க்கு அப்பா கடைசிவரை மூடி போடவே இல்லை. தன் விரலையே வைத்திருந்திருக்கிறார். நேற்று அவர் விரல் இங்கேதான் இருந்தது, இருக்கும்வரை இஞ்சின் இப்படித்தான் ஓடியது. விரல் நழுவிய நிமிஷம்தான் அந்த உஸ். மாப்பிள்ளை அதைச் சோதனை என்று நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா போனதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"ஓடுது!" அவன் உள்ளேயிருந்து கத்தினான். "சின்ன மாமா, ஓடுது!" கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டியவன் அவளைப் பார்த்தான். "நீயா? என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"எதையாவது தொட்டியா? எத தொட்ட?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். கதவுமேல் வைத்திருந்தான். மணிக்கட்டு வரைக்கும் கிரீஸ், நகத்தில் கிரீஸ், கட்டைவிரல் மட்டும் வழவழவென்று இருந்தது. ஒரு வட்டம் இல்லை, வட்டத்தின் தழும்பும் இல்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமை இவன் உட்கார்ந்திருந்தது சீட்டில். டார்ச் பிடித்தபோதும் முன்பக்கம்தான் பிடித்திருக்கிறான். 'அதுவா' என்று இவன் சொன்னதில் ஒன்றுமே இல்லை, இவனுக்கும் அது என்னவென்று தெரியாது. அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் வைத்துத் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

சொல்லிவிடலாம். பின்னால ஒரு வாய் திறந்திருக்கு, ஒரு பேனா மூடி கொண்டாங்க என்றால் முடிந்தது. கார் தானாக ஓடி வழிவிடும், அவன் ஆசை நிறைவேறும், எல்லோரும் அவன் தோளைத் தட்டுவார்கள். அவள் விரலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் ஆறிய டீயைச் சூடு பண்ணலாம்.

அவள் சொல்லவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. எடுத்தால் அந்தச் சத்தம் வரும், பிறகு நிற்கும். நேற்று அது அவளைக் கேட்காமல் நடந்தது. இன்று அது அவள் கையில் இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றாள். அவளுக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி இஞ்சின் விரலை இழுத்துக்கொண்டே இருந்தது. விரல் நுனி மரத்துப்போனது. அப்பா பக்கத்தில் நின்று, இங்கே காட்டு என்று சொல்லியிருந்தால் இந்த இடத்தைத்தான் சொல்லியிருப்பார்.

கேட் பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டது. சவ வண்டி வந்துவிட்டது.

"நகரு, நான் பின்னால எடுக்கறேன்," என்றான் அவன். "போனட்ட மூடு."

அவள் விரலை எடுத்தாள். உஸ்ஸென்று வந்தது. ஏறியது, இறங்கியது, உதறியது, நின்றது. அவன் சாவியைத் திருகினான், திருகிக்கொண்டே இருந்தான், பேட்டரி சோர்ந்துபோய்க் களக் களக் என்றது. அவள் போனட்டை இறக்கி மூடினாள்.

"தள்ளிடலாங்க," என்றாள். "நேரமாச்சு."

சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் முன்பக்கம் கைவைத்தார்கள். கார் சரிவில் சத்தமில்லாமல் பின்னால் உருண்டு தெருவுக்குப் போனது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான், முகம் முழுக்க நனைந்திருந்தது. கடைசியில மாமா வண்டிய தள்ளும்படி ஆயிடுச்சே என்று யாரிடமோ சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். நிச்சயம் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு மட்டும் முடியாது, இன்றைக்கு அது அவளுடையது.

பெட்டிக்குள் வைத்த பிறகு மூடுவதற்கு முன்னால், முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கோங்க என்றார் சித்தப்பா. அம்மா குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "இனிமே அந்தச் சிறுக்கிய நான்தான் பார்த்துக்கணுமா?" என்று அவர் காதில் கேட்டாள், பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மகள் முகத்தைப் பார்க்கவில்லை. மார்பின்மேல் கோத்து வைத்திருந்த கைகளைப் பார்த்தாள். நகத்துக்குள் கிரீஸ் அப்படியே இருந்தது. தன் கட்டைவிரலை அந்தக் கட்டைவிரல்மேல் வைத்தாள், வட்டத்தின்மேல் வட்டம் வரும்படி. அவருடையது கொஞ்சம் பெரியதாக இருந்தது, விரலும் பெரியதுதானே.

அவன் பக்கத்தில் வந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் குனிந்து பார்த்தான். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"விரல்ல என்ன?"

"எறும்பு கடிச்சுதுங்க," என்றாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். சந்து இப்போது அகலமாகக் கிடந்தது, கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கறுத்திருந்த தரையை மிதிக்காமல் ஆட்கள் கால் மாற்றி வைத்துப் போனார்கள். அவள் பின்னால் நடந்தாள். வட்டத்தின் ஓரம் அதற்குள் மங்க ஆரம்பித்திருந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற நாலு விரலையும் மூடிக்கொண்டாள்.